முந்திவந்த புகழ்: விவியன் லீயின் கலைவாழ்வு

1954ஆம் ஆண்டு வெளிவந்த 'எலிபன்ட் வோக்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் கதை, இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் நிகழ்வது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பாதையை மறித்துப் பங்களா எழுப்பினார் ஒரு தோட்டத்துரை. அவருடைய மகனை மணந்து, இங்கிலாந்திலிருந்து அப்பங்களாவுக்கு வந்து சேர்கிறாள் ஓர் இளம்பெண். அப்பெண்ணாக நடித்தவர் எலிசபெத் டெயிலர். ஆயினும் படத்தில் தூரத்தே நின்று பிடிக்கப்பட்ட சில காட்சிகளைக் கூர்ந்து நோக்கினால், நமது நாட்டு வெயிலில் நடந்து செல்லும் அப்பெண் டெயிலர் அல்லர் என்பது புலப்படும். முகம் தெளிவாகத் தெரியாத அந்த உருவம் விவியன் லீயினுடையது. கதாநாயகியாக முதலில் அமர்த்தப்பட்டு, இலங்கைக்கு வந்து நடித்து, இடையில் நோயுற்று விலக நேர்ந்தவர் அவர்.

விவியன் லீ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'கோன் வித் த வின்ட்' படத்தின் பச்சைக்கண் அழகி ஸ்கார்லெட். நாடக இலக்கியம் பயில்வோருக்கு, 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்' படத்தின் பிளான்ஷ் நினைவுக்கு வரலாம். இவ்விரு வேடங்களுக்கும் அவர் ஒஸ்கார் விருது பெற்றார். இரண்டும் அமெரிக்கத் தென்மாநிலப் பெண்களின் பாத்திரங்கள். நடித்தவரோ ஓர் ஆங்கிலப் பெண், அதுவும் இமயமலைச் சாரலிற் பிறந்தவர். அவர் நடித்த படங்கள் மொத்தமாக இருபதையும் எட்டவில்லை. இவ்வளவு குறைந்த படங்களில் இவ்வளவு பெரும் பெயர் பெற்ற நடிகையர் மிகச் சிலரே. அப்பெயரே அவருக்குப் பாரமாகவும் அமைந்தது.

1913 நவம்பர் 5ஆம் திகதி டார்ஜிலிங்கில் விவியன் மேரி ஹார்ட்லி பிறந்தார். தந்தை ஏர்னஸ்ட் ஹார்ட்லி கல்கத்தாவில் தரகு வணிக நிறுவனமொன்றைச் சேர்ந்தவர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அவர் குதிரைப்படை அதிகாரியாகப் பங்களூரில் பணியாற்ற, தாயும் மகளும் உதகமண்டலத்தில் தங்கியிருந்தனர். தாயார் நடத்திய பொழுதுபோக்கு நாடகக் குழுவின் மேடையில், மூன்று வயதுக் குழந்தையாக ஏறி மழலைப் பாட்டொன்றை ஒப்பித்ததே அவரது முதல் மேடைத் தோற்றம். பின்னாளில் உலகெங்கும் புகழ்பெற்ற ஒரு நடிகையின் முதல் மேடை நீலகிரியில் அமைந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

ஏழு வயது நிரம்புமுன் அவரை இங்கிலாந்திலுள்ள ரோஹாம்ப்டன் கன்னியர் மடப் பாடசாலையில் சேர்த்தனர். இந்தியாவிற் பணிபுரிந்த ஆங்கிலேயர் தம் பிள்ளைகளை இவ்வாறு கடல்கடந்து அனுப்புவது அக்கால வழக்கம். பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டது என்று கேட்பார் அரிது. அங்கே தன்னிலும் மூத்த தோழி ஒருத்தியிடம், தான் பெரிய நடிகையாக வேண்டும் என்று சிறுமி விவியன் சொன்னாளாம். அத்தோழி, பின்னாளில் 'டார்சான்' படங்களில் நாயகியாக நடித்த மோரீன் ஓசலிவன். 1938இல் 'எ யாங்க் அட் ஒக்ஸ்போர்ட்' என்ற படத்தில் தோழியர் இருவரும் சேர்ந்தே நடித்தனர்.

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் பயின்று இங்கிலாந்து திரும்பிய விவியன், இலண்டன் அரச நாடகக் கலைக்கழகத்தில் மாணவியானார். படிப்பு முற்றுப்பெறவில்லை. 1932 டிசம்பரில், தம்மிலும் பதின்மூன்று வயது மூத்தவரான லீ ஹோல்மன் என்ற வழக்கறிஞரை மணந்தார். மறுவருடம் பெண் குழந்தையொன்றுக்குத் தாயானார். இல்லறம் அவருக்குப் போதவில்லை. கணவர் பெயரின் ஒரு பகுதியைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு நடிப்புத் தேடிப் புறப்பட்டார். 1935இல் சிறு வேடமொன்றில் முதன்முதலாகத் திரையிற் தோன்றினார்.

அதே ஆண்டு மே மாதம், இலண்டன் அம்பாசடர்ஸ் அரங்கில் 'த மாஸ்க் ஒவ் வேர்ச்சு' என்ற நாடகம் அரங்கேறிற்று. அதன் நாயகி, அதுவரை எவரும் அறியாத இருபத்தொரு வயது விவியன் லீ. மறுநாட் காலைப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. 'பெரும் நடிகை' என்ற சொல்லையே சிலர் எழுதிவிட்டனர். படத்தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா உடனே அவரைப் பல ஆண்டு ஒப்பந்தத்திற் கட்டினார். நாடகத்தைப் பெரிய அரங்கான சென் ஜேம்ஸ் தியேட்டருக்கு மாற்றியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. விவியனின் மெல்லிய குரல் அப்பெரிய மண்டபத்தின் பின்வரிசை வரை செல்லவில்லை. கூட்டம் குறைந்தது, நாடகமும் விரைவில் நின்றது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி அவரே பிற்காலத்திற் கூறியிருக்கிறார். தம்மைப் பெரும் நடிகை என்று எழுதிய விமர்சகர்கள் செய்தது அறிவீனமான, கொடிய காரியம் என்பது அவர் கருத்து. தாங்கும் வலிமையில்லாத வேளையில் அப்பொறுப்பு தம்மீது சுமத்தப்பட்டதென்றும், அந்த முதல் மதிப்புரைகளுக்குத் தகுதியுடையவராகப் பல ஆண்டுகள் கற்க வேண்டியிருந்ததென்றும் அவர் சொன்னார். புகழ் முந்தி வந்துவிட்டது. தகுதியைப் பின்னர் உழைத்துத் தேடவேண்டியதாயிற்று. இளங்கலைஞர்களை ஒரே இரவில் வானளாவப் புகழ்ந்தெழுதும் நமது விமர்சகர்களும் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1937இல் வெளிவந்த 'ஃபயர் ஓவர் இங்லண்ட்' படத்தில் லோரன்ஸ் ஒலிவியருடன் அவர் சேர்ந்து நடித்தார். இருவரும் மணமானவர்கள், ஒலிவியருக்கும் ஒரு குழந்தை இருந்தது. எனினும் அன்பு வளர்ந்தது. ஈரிடத்திலும் மணமுறிவு பெற்று, 1940 ஆகஸ்ட் மாதம் கலிபோர்னியாவில் எளிய முறையில் மணந்துகொண்டனர். ஒலிவியர் அக்கால ஆங்கில மேடையின் தலைசிறந்த நடிகராக உயர்ந்துகொண்டிருந்தார். அவருக்கு மனைவியாகியதால் விவியனுக்குக் கிடைத்தது இருபது ஆண்டு நாடகக் கல்வி. அதனுடன், எதைச் செய்தாலும் கணவரோடு ஒப்பிட்டுக் குறைசொல்லப்படும் நிலையும் வந்து சேர்ந்தது.

திருமணத்துக்கு முன்பே நிகழ்ந்தது 'கோன் வித் த வின்ட்'. மார்கரெட் மிச்சலின் பெருநாவலைப் படமாக்க முனைந்த டேவிட் செல்ஸ்னிக், ஸ்கார்லெட் வேடத்துக்கு நாடெங்கும் நாயகி தேடினார். ஏறத்தாழ 1400 பெண்களை நேரில் பார்த்ததாகக் கூறுவர். நாயகி அகப்படாமலே, 1938 டிசம்பரில் அட்லாண்டா நகர் எரியும் காட்சியைப் படமாக்கத் தொடங்கிவிட்டனர். அந்த நெருப்பொளியில் விவியன் லீயைச் செல்ஸ்னிக்கின் தமையன் மைரன் அழைத்துவந்து காட்டினார் என்பது ஹொலிவூட்டின் புகழ்பெற்ற கதைகளுள் ஒன்று. நாயகி ஓர் ஆங்கிலப் பெண் என்றதும் அமெரிக்காவில் முணுமுணுப்பு எழுந்தது. படம் வெளியானபின் அது அடங்கிற்று.

அப்படத்தில் அவர் ஏறத்தாழ 125 நாட்கள் உழைத்தார். பெற்ற ஊதியம் சுமார் 25,000 டொலர். நாயகன் கிளார்க் கேபிள் 71 நாட்கள் நடித்து 120,000 டொலருக்கு மேற் பெற்றார். இயக்குநர் ஜோர்ஜ் கியூக்கர் இடையில் நீக்கப்பட்டபோது, விவியன் ஓய்வு நாட்களில் அவர் இல்லத்துக்குச் சென்று தம் வேடம் பற்றி ஆலோசனை கேட்டுவந்தார். அழகைக் காட்டிப் போவதே போதுமென்று எண்ணும் ஒரு நடிகை இவ்வாறு செய்திருக்கமாட்டார். ஸ்கார்லெட்டின் தன்னலம், பிடிவாதம், பசியஞ்சாத் துணிவு ஆகிய யாவும் அம்முகத்தில் ஒரு கணத்துக்குள் மாறிமாறித் தோன்றுவதை இன்றும் கண்டு வியக்கலாம்.

படத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமை முறையை அது மெருகிட்டு அழகாகக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. அதில் நடித்து, ஒஸ்கார் விருது பெற்ற முதற் கறுப்பினக் கலைஞரான ஹற்றி மக்டானியல், இனஒதுக்கற் சட்டத்தால் 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சிக்குச் செல்லவும் முடியவில்லை.

விவியனுக்கோ, இவ்வளவு பெரிய வெற்றியும் மனநிறைவு தரவில்லை. அதன்பின் சாகும்வரை அவர் நடித்த படங்கள் எட்டே எட்டு. மேடையே அவர் நாட்டம். 1940இல் கணவரோடு நியூயோர்க்கில் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தை அரங்கேற்றினார். இருவரின் சேமிப்பும் அதிற் கரைந்தது. போர்க்காலத்தில் வட ஆபிரிக்காவிற் போர்வீரர் முன்னிலையில் நடித்தார். பேர்னாட் ஷாவின் 'சீசர் அண்ட் கிளியோபாட்ரா' படமாகிக்கொண்டிருந்தபோது தவறி விழுந்து கருச்சிதைவுற்றார். நுரையீரற் காசநோயும் அக்காலத்திலேயே கண்டறியப்பட்டது. அதைவிடக் கொடிய பிணியொன்றும் அப்போது தலைகாட்டத் தொடங்கியது. சில நாட்கள் உறக்கமின்றிக் கட்டுக்கடங்காத உற்சாகம், பின் சில நாட்கள் எழமுடியாத மனச்சோர்வு. சோர்வு நீங்கியதும் தாம் கடிந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுதல். இருமுனை மனநோய் என்று இன்று மருத்துவர் இனங்காண்பது இதனையே. அன்று பெரும்பாலோர் அதனை நடிகையின் செருக்கென்றும் முன்கோபமென்றும் பேசினர்.

இந்நோய்க்கு லிதியம் பயன்தரும் என்பதை அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் 1949இல் வெளியிட்டார். ஒலிவியர் தம்பதியர் நாடகக் குழுவோடு அவுஸ்திரேலியாவிற் சுற்றுப்பயணம் செய்தது அதற்கு முந்திய ஆண்டில். அம்மருந்து பரவலான வழக்குக்கு வருவதற்குள் விவியனின் ஆயுளே முடிந்துவிட்டது. அவருக்குக் கிடைத்தது மின்னதிர்ச்சிச் சிகிச்சைதான்.

1949 ஒக்ரோபரில் இலண்டன் ஓல்ட்விச் அரங்கில், ஒலிவியரின் நெறியாள்கையில் டென்னஸி வில்லியம்ஸின் 'ஸ்ட்ரீட்கார்' நாடகம் தொடங்கியது. விவியன் ஏற்ற பிளான்ஷ் ஓர் ஆங்கில ஆசிரியை. குடும்பத்துப் பண்ணையும் போய், வேலையும் போய், நற்பெயரும் போய், தங்கையின் சிறு வீட்டில் அடைக்கலம் தேடி வருகிறாள். பழைய செல்வமும் மரியாதையும் இன்னும் உள்ளதுபோற் பேசிப் பேசியே தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறாள். தங்கையின் முரட்டுக் கணவன் அப்பொய்களை ஒவ்வொன்றாக உரித்தெறிகிறான். இறுதியில் மனம் பேதலித்த அவளை மருத்துவர் வந்து அழைத்துச் செல்கிறார். இவ்வேடத்தை 326 தடவை மேடையில் நடித்தார் விவியன். நாடகத்தை ஆபாசமென்று வைதவர்களும் இருந்தனர். வேடிக்கை பார்க்க வந்து சிரித்தவர்களும் இருந்தனர்.

அடுத்து எலியா கசானின் இயக்கத்தில் அது படமானபோது, நியூயோர்க் மேடையில் நடித்த மார்லன் பிராண்டோ முதலியோரிடையே விவியன் மட்டுமே முக்கிய வேடத்திற் புதியவராக இருந்தார். அவர் கற்றது ஆங்கில மேடை மரபு. மற்றவர் பயின்றது வேறு மரபு. தொடக்கத்தில் இலண்டனில் தம் கணவர் சொல்லித்தந்தபடியே செய்ய முற்பட்டதால் கசானுடன் உரசல் உண்டாயிற்று. சில வாரங்களில் அது தீர்ந்தது. தம் நடிப்புச் சிறக்குமானால் எத்துன்பத்தையும் தாங்கக்கூடிய உறுதி அவரிடம் இருந்ததைக் கசான் பிற்காலத்தில் வியந்து எழுதினார். இரு மரபுகளின் மோதல் கதைக்கே பொருந்திவந்தது என்பது என் எண்ணம்: பிராண்டோவின் முரட்டு இயல்புக்கு முன்னால் விவியனின் செயற்கை நயமான பேச்சு தனித்து நின்று நடுங்குகிறது. பிளான்ஷும் அப்படிப்பட்டவள்தானே. இரண்டாவது ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது. முதல் மதிப்புரையாளர் பதினாறு ஆண்டுகட்கு முன் அவசரப்பட்டுக் கொடுத்த பட்டம் இப்போதுதான் உரியதாயிற்று எனலாம்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. பிளான்ஷாக வாழ்ந்தது தம்மைப் பித்தின் பக்கம் தள்ளிவிட்டது என்று அவரே சொன்னார். நோய்க்கு நாடகமே காரணம் என்று கூறுவது மருத்துவ நோக்கிற் சரியன்று. நோய் முன்பே இருந்தது. ஆயினும் மனமுறிவை இரவுக்கிரவு மாதக்கணக்கில் நடித்துக் காட்டுவது நோயாளிக்கு நன்மை தந்திருக்க இயலாது.

1953 ஜனவரியில் அவர் இலங்கைக்கு வந்தார். 'எலிபன்ட் வோக்' படத்தில் ஒலிவியரே கணவனாக நடித்திருக்க வேண்டும். 'பெகர்ஸ் ஒபெரா' படவேலையில் அவர் ஈடுபட்டிருந்ததால், பீற்றர் பிஞ்ச் அவ்வேடத்தை ஏற்றார். பிஞ்ச், 1948ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் ஒலிவியர் தம்பதியர் கண்டு இலண்டனுக்கு வரவழைத்த நடிகர். இலங்கையிற் படப்பிடிப்பு நடந்த வாரங்களில் விவியனின் உறக்கம் அறவே கெட்டது, மனம் நிலைகுலைந்தது. உட்காட்சிகளை எடுக்க ஹொலிவூட் திரும்பியபின், மார்ச் மாதத்தில் முற்றாக நொறுங்கிப் போனார். மயக்கமருந்து கொடுத்து விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, சறே பகுதியிலுள்ள மனநோய் மருத்துவமனையிற் சேர்த்தனர். பிளான்ஷை மருத்துவர் அழைத்துச் சென்ற காட்சியை அவர் நடித்து மூன்றாண்டுகூட ஆகவில்லை.

அவரிடத்தில் எலிசபெத் டெயிலர் அமர்த்தப்பட்டார். டெயிலருக்கு அப்போது வயது இருபத்தொன்று, விவியனுக்கு முப்பத்தொன்பது. இலங்கையில் எடுத்த படச்சுருளை முழுவதும் கைவிட மனமின்றித் தூரக்காட்சிகள் சிலவற்றை அப்படியே சேர்த்துக்கொண்டனர். படம் சாதாரணமானதே. தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை அதிற் பின்னணித் திரைபோலத் தொங்குகிறது; கொள்ளைநோய் வரும்போதுதான் கதை அவர்களைத் திரும்பிப் பார்க்கிறது.

இத்துடன் அவர் கலைவாழ்வு முடிந்ததென்றே பலர் எண்ணியிருந்தனர். அதே ஆண்டு நவம்பரில், இலண்டன் பீனிக்ஸ் அரங்கில் 'த ஸ்லீப்பிங் பிரின்ஸ்' நாடகத்தில் ஒலிவியரோடு மேடையேறினார் விவியன். 1955இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டில் மூன்று நாடகங்கள். அவற்றுள் ஒன்று 'மக்பெத்'. விமர்சகர் கென்னத் டைனன், கணவரின் உயரத்துக்கு மனைவி எட்டவில்லை என்று பல ஆண்டுகளாக எழுதிவந்தவர். மக்பெத் சீமாட்டி வேடத்தையும் அவர் இகழ்ந்தார். காலஞ்சென்றபின் அவரே தம் தீர்ப்பு பெரும் பிழை என்று ஒப்புக்கொண்டார். வழக்கமான கொடூரப் பெண்ணாகவன்றி, கணவனைத் தன் கவர்ச்சியாற் பிணித்துச் செலுத்தும் பெண்ணாக விவியன் காட்டியதே பொருத்தமானது என்று பின்னர் உணர்ந்தாராம். அந்நாடகத்தைப் படமாக்க ஒலிவியர் பெருமுயற்சி செய்தும் பணம் கிடைக்கவில்லை. எனவே அத்தீர்ப்புகளில் எது சரியென நாம் கண்டு முடிவுசெய்ய வழியில்லாமற் போயிற்று.

இந்தச் சோர்வற்ற உழைப்பின் தடயங்கள் பல எஞ்சியுள்ளன. அவர் குறிப்பெழுதிய நாடகப் பிரதிகளும் கடிதங்களும் நாட்குறிப்புகளும் 2013இல் இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன. அழகாயிருப்பவருக்கு நடிக்கத் தெரியாது என்று பிறர் முடிவுசெய்து விடுகிறார்கள் என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொன்ன குறை. அழகிய முகத்தைக் கண்டதும் நடிப்பைத் தேடாதிருக்கும் பழக்கம் நம்மவரிடையும் இல்லாமலில்லை.

அவரது நெஞ்சுரத்தைக் காட்டும் நிகழ்ச்சியொன்று 1957 யூலையில் நடந்தது. இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் அவர் குரல் எடுபடாது போன அதே சென் ஜேம்ஸ் அரங்கை இடித்துக் காரியாலயக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டனர். இடைக்காலத்தில் ஒலிவியர் தம்பதியரே அவ்வரங்கை நடத்தியுமிருந்தனர்; 1951இல் ஷாவின் கிளியோபாட்ராவாக ஓரிரவும் ஷேக்ஸ்பியரின் கிளியோபாட்ராவாக மறு இரவும் விவியன் மாறிமாறி நடித்தது அங்கேதான். கையில் மணியொன்றை அடித்துக்கொண்டு இலண்டன் வீதியில் ஊர்வலமாகச் சென்றார். பிரபுக்கள் சபையின் பார்வையாளர் பகுதியில் அமர்ந்திருந்தவர், விவாதத்தின் நடுவே எழுந்து உரத்த குரலில் ஆட்சேபம் தெரிவித்தார். சபைக் காவல் அதிகாரி அவரை வெளியேற்றினார். உலகமே சிரித்தது. பத்திரிகைகள் சில, அதையும் அவர் நோயின் கணக்கிலேயே எழுதின. அரங்கு அவ்வாண்டு முடிவதற்குள் இடிக்கப்பட்டது. ஆனால் மத்திய இலண்டனில் இனி ஓர் அரங்கை இடிப்பதாயின் அதற்கு ஈடாக வேறோர் அரங்கு அமையவேண்டும் என்ற விதி அக்கிளர்ச்சியின் பயனாகவே பிறந்தது. ஒருகாலத்திற் பின்வரிசைக்கு எட்டாதிருந்த குரல் அன்று பிரபுக்கள் சபை முழுவதும் கேட்டது.

1960 டிசம்பரில் ஒலிவியருடனான மணவாழ்வு முறிந்தது. ஒலிவியர் நடிகை ஜோன் பிளோரைட்டை மணந்தார். விவியன் எவரையும் தூற்றவில்லை. ஒலிவியரின் படம் இறுதிவரை அவரது படுக்கையறையில் இருந்தது என்பர். நடிகர் ஜக் மெரிவேல் துணையாக நின்று அவரைப் பேணினார். மீண்டும் அவுஸ்திரேலியா, தென் அமெரிக்கா என்று நாடகப் பயணங்கள். 1963இல், ஐம்பதை நெருங்கும் வயதில், நியூயோர்க்கில் 'டொவாரிச்' என்ற இசைநாடகத்தில் ஆடிப் பாடி, அமெரிக்க மேடையின் உயர் விருதான டோனி விருதைப் பெற்றார். அந்த நாடகத்தின் இடையிலும் நோய் குறுக்கிட்டது. 1965இல் வெளியான 'ஷிப் ஒவ் ஃபூல்ஸ்' அவரது கடைசிப் படம். கப்பலின் நடைபாதையில் தனியே செல்லும் முதுமை எய்தும் ஒரு பெண், திடீரென யாருமற்ற அவ்விடத்தில் சார்ல்ஸ்டன் நடனமொன்றை ஆடிவிட்டுப் பழையபடி நடந்து போகிறாள். அதில் அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஸ்கார்லெட்டைக் கண்டு மயங்கியவர்கள் இச்சிறு காட்சியையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

1967 மே மாதம் காசநோய் திரும்பிற்று. அப்போதும் எட்வர்ட் அல்பீயின் 'எ டெலிகேட் பலன்ஸ்' நாடகத்தில் நடிக்க ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார். யூலை 7ஆம் திகதி இரவு, மேடையில் நடித்துவிட்டு இலண்டன் ஈற்றன் சதுக்க இல்லத்துக்குத் திரும்பிய மெரிவேல், அவர் உறங்குவதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குச் சென்றார். சிறிது நேரத்தில் மீண்டும் வந்தபோது விவியன் தரையில் விழுந்து கிடந்தார், உயிர் பிரிந்திருந்தது. வயது ஐம்பத்துமூன்று. செய்தி வெளியான அன்று, மத்திய இலண்டனின் நாடக அரங்குகள் யாவும் ஒரு மணி நேரம் தம் வெளிவிளக்குகளை அணைத்தன. அவரது சாம்பலை, கிழக்குச் சசெக்ஸில் அவர் வாழ்ந்த டிக்கரேஜ் மில் இல்லத்தின் ஏரியிற் கரைத்தனர்.